மோரில் கலந்த அரை ஸ்பூன்

விழுப்புரத்தில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்திலிருந்து போன மாதம் இளவரசன் போன் செய்தார். எனக்குப் பிறகு அங்கே தலைமைச் சமையல்காரர் அவர்தான்.

“மாஸ்டர், இனிமே சாம்பாரு, ரசம், கூட்டு எல்லாத்துக்கும் ரெடி மிக்ஸ் வரப்போவுது. கொதிக்கிற தண்ணியில கொட்னா முடிஞ்சுது வேலை.”

“அதுக்குள்ள இன்னா போட்டிருக்காங்கன்னு பாத்தியாப்பா?”

“தோ, ஆரம்பிச்சிட்டீங்க!” சிரித்தார். “இத்ததான் புதுசா சேந்தவங்க கேக்கறாங்க. மாஸ்டரு ஏன் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தாராம், பொடிய ஏன் வறுத்து அரைச்சிக்கினு இருந்தாராம்னு. நான் சொன்னா கதை வுடறேன்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்க, ஸ்டோர் ரூம் கதவுல ஒட்டி வெக்கிறேன்.”

கதவில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கமாக எனக்கு எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. எனக்கு இப்போது ஐம்பத்தாறு வயது.

நான் சமையல்காரன் ஆனதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டே திண்டிவனத்தில் ஒரு மெஸ்ஸில் கணக்கு எழுதப் போனேன். ஒரு நாள் மாவு ஆட்டுகிறவர் வரவில்லை, நான் ஆட்டினேன். அடுத்து தாளித்தேன். மூன்று வருடத்தில் கல்யாணச் சமையல் வரைக்கும் பழகிவிட்டது. பிறகு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள். தினமும் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி, மயிலம், விக்கிரவாண்டி தாண்டி, ஏழு மணிக்கு முன்னால் அடுப்படியில் நிற்பேன். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. உப்பில்லாதது, சர்க்கரைக்காரர்களுக்கானது, கஞ்சி, குழாய் வழியாகப் போகும் திரவம் என்று தனித்தனி.

இத்தனை பேருக்குச் சமைத்த நான் என் வீட்டில் ஒரு டம்ளர் காபி கூடப் போட்டதில்லை. வீட்டு அடுப்படி என் மனைவி கோமதியுடையது. “ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறவரு, வூட்ல தட்டு எங்க இருக்குன்னு கேப்பாரு” என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் நாற்பதாவது வயதில் உணவு மேற்பார்வைக்குச் சுலோசனா மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான உருவம், சத்தமில்லாத செருப்பு. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வந்த முதல் நாள் காலை பதினோரு மணிக்கு அடுப்படிக்குள் வந்தார். நான் சாம்பார் குண்டானைத் திறந்து கரண்டியோடு நின்றேன். ருசி பார்ப்பார், பாராட்டுவார் என்று நினைப்பு. அவர் குண்டானைத் தாண்டிப் போய்க் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார்.

“இன்னா மேடம், மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா?” என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“இல்லைங்க மாஸ்டர். குண்டான்ல இருக்கறது கலந்துடுச்சு, கண்ணுக்குத் தெரியாது. உள்ள என்ன போச்சுன்னு இதுதான் சொல்லும்.”

அன்று முதல் தினமும் அப்படித்தான். முதலில் தொட்டி, பிறகு குண்டான்.

இன்னொரு பழக்கம், கேள்வி. சாம்பாரில் என்ன போட்டீர்கள் என்பார். பருப்பு, புளி, காய், பொடி என்பேன். பொடியில் என்ன என்பார். மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம், மஞ்சள். மஞ்சள் கிழங்காக வாங்கினீர்களா, தூளாகவா? தூள் என்றால் யார் அரைத்தது? செடியில் காய்த்தது, மண்ணில் தோண்டியது, மாட்டில் கறந்தது என்று ஏதாவது ஒரு அடியைத் தொடும்வரை கேட்பார். தொட்டதும் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிறிய கோடு ஒன்று போடுவார். அதற்கு மேல் அந்தப் பொருளைப் பற்றிக் கேட்க மாட்டார். ஒரு சாம்பாருக்குப் பத்தொன்பது கோடு வந்தது. பேஜாரு பிடித்த பொம்பளை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்த நினைப்பு மாறியது ஒரு சிறுநீரக நோயாளியால். திருவாமாத்தூர்க்காரர், வயதானவர். உப்பில்லாத சாப்பாடு பத்து நாளாகப் போகிறது, கால் வீக்கம் வடியவில்லை. வார்டில் எல்லாரும் அவருடைய மனைவி மேல் சந்தேகப்பட்டார்கள். மடியில் ஊறுகாய் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று பேச்சு. நானும் பேசினேன். அந்த அம்மா வராந்தாவில் முந்தானையை உதறிக் காட்டி அழுதார். “பாத்துக்குங்க சாமி, ஒரு எலுமிச்சங்கா துண்டு கூட நான் எடுத்தாரல.”

மேடம் வார்டுக்குப் போகவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து தொட்டியைக் கிளறினார். ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். ஆப்ப சோடா.

“இது எதுக்குங்க மாஸ்டர்?”

எங்கள் ஆஸ்பத்திரியில் போர் தண்ணீர். பருப்பு லேசில் வேகாது. ஒரு ஸ்பூன் சோடா போட்டால் ஜல்தியாக மலர்ந்துவிடும். கல்யாணச் சமையலில் படித்த பாடம். உப்பில்லாத சாப்பாட்டுக்கும் அதே பருப்புதான். உப்பில் எது கெடுதல் என்று விலக்கினோமோ, அதே சோடியம்தான் சோடாவிலும் இருக்கிறது என்று மேடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து பருப்பை இரவே ஊறவைத்து நல்ல தண்ணீரில் வேகவைத்தோம். வீக்கம் வடிந்தது. மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டேன். முழு மனதோடு கேட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இதற்குப் பிறகும் நான் என் வீட்டில் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், சந்தியா. ஒன்பது வயதில் இளைக்க ஆரம்பித்தாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். வகுப்பில் எல்லாரும் வளர்ந்தார்கள், இவள் பாவாடை மட்டும் இரண்டு வருடமாக அதே அளவு. பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம். நான் சமையல்காரன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? கேப்பை, கம்பு, சோளம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து, முளைகட்டிய கோதுமையை ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, ஆஸ்பத்திரி அடுப்படியிலேயே சத்துமாவு அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். காலையும் மாலையும் கஞ்சி. குடிக்கக் குடிக்க மேலும் இளைத்தாள். அதற்குத் தீர்வாகக் கோதுமையை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

பதிமூன்று வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்தாள். இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதி கூட இல்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒரு குடல் மருத்துவர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, சொன்னார். சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையில் இருக்கும் பசைச்சத்து அவள் குடலுக்கு ஆகாது. உள்ளே போனால் குடலின் உட்சுவரையே உடம்பு அரித்துவிடும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு துளி கூடக் கூடாது.

“இத்த இப்டியே விட்டா என்ன ஆகும் டாக்டர்?” என்று கோமதி கேட்டாள்.

“வளர மாட்டா. எலும்பு தேயும். பெரிய வயசுல குடல்ல புத்து வரைக்கும் போகலாம். ஆனா நிறுத்திட்டா நல்லாயிடுவா. முழுசா நிறுத்தணும், அவ்வளவுதான்.”

நிறுத்தினோம். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பினோம். பிஸ்கட் இல்லை, பரோட்டா இல்லை, பிறந்தநாள் கேக் இல்லை. கடைப் பொடி எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதன்முறையாக என் வீட்டு அடுப்படிக்குள் போனேன். மிளகாயைக் காம்பு கிள்ளி வெயிலில் போட்டு, தனியாவைக் கல் பொறுக்கி, கருகாமல் வறுத்து, ஆறவைத்து, மிக்சியில் அரைத்துச் சலித்தேன். இட்லி மாவு வீட்டுக் கிரைண்டரில். புளி, உப்பு, மஞ்சள் கிழங்கு எல்லாம் முழுசாக வாங்கினோம்.

மூன்று மாதம் கழித்தும் வயிறு உப்பல் போகவில்லை. மேடத்தின் கேள்வி ஞாபகம் வந்தது. கேப்பை மாவு யார் அரைத்தது? தெருமுனை மில்லுக்குப் போய் நின்றேன். மில்காரர் மாணிக்கம் ஒரு அம்மாவுக்குக் கோதுமை அரைத்துக் கொட்டிவிட்டு, அதே இயந்திரத்தில் அடுத்தவருடைய கேப்பையைப் போட்டார்.

“அண்ணே, முன்னாடி அரைச்ச கோதும இதுல கலக்காதா?”

“இன்னா மாஸ்டர், தொழில் தெரியாதவன்னு நெனச்சியா? மொதல்ல ஒரு புடி கேப்பைய வுட்டு அந்த மாவத் தள்ளிட்டுத்தான் அரைப்பேன். மத்தவன் மாவு உனக்கு ஒரு சிட்டிகை வரலாம், ஒம்மாவு அடுத்தவனுக்கு ஒரு சிட்டிகை போவலாம். சரியாப் பூடும்.”

யாருக்கும் நஷ்டம் இல்லாத கணக்கு. எங்கள் பெண்ணுக்கு அந்தச் சிட்டிகைதான் விஷம். அன்றிலிருந்து கேப்பையை ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரிலேயே அரைத்து அடை தட்டினோம். சந்தியாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஒரு அங்குலம் வளர்ந்தாள். நான் மேடத்திடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எங்கள் வீட்டுச் சமையல் முழுவதையும் என்னிடம் கேட்டு வரிசையாக எழுதிக் கோடு போட்டார். எல்லாம் அடி தொட்டுவிட்டது என்றார். அந்த வருடக் கடைசியில் வேறு ஊருக்கு வேலை மாற்றிப் போய்விட்டார்.

ஆனால் அந்த ஒரு அங்குலத்தோடு நின்றுவிட்டது. சந்தியாவுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கோதுமை உள்ளே போனால் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்பொருளின் எண் இறங்கவே இல்லை. மருத்துவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வெளியில ஏதாவது சாப்பிடறியாம்மா? சொல்லு, திட்ட மாட்டேன்.”

“இல்ல சார்.”

“ஃபிரண்ட்ஸ் கூட?”

“இல்ல சார்.”

அவர் தலையாட்டிவிட்டு அவளுடைய ஃபைலில் ஒரு வரி எழுதினார். அவர் எழுதுவதை நான் தலைகீழாகப் படித்தேன். வெளி உணவு உண்பதாகச் சந்தேகம்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய புத்தகப் பையை எடுத்துத் தரையில் கொட்டினேன். அடியில் ஒரு பிஸ்கட் உறை இருந்தது.

“இது இன்னாடி?”

“ரேவதிதுப்பா. அவ துன்னுட்டு எம் பையில சொருவிட்டா. நான் துன்னல.”

“டாக்டரு பொய் சொல்றாரா? மெசினு பொய் சொல்லுதா? ஒங்கம்மா ரெண்டு வருஷமா ஒரு கல்யாணத்துல கை நனைக்கல, நான் ஞாயித்துக்கெழம பூரா மொளகா வறுத்து இருமிக்கினு கெடக்கறேன். ஒரு பிஸ்கட்டுக்கு நாக்க அடக்க முடியல ஒனக்கு!”

“நான் துன்னலப்பா.”

அடித்தேன். இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். கன்னத்தில் ஒரு அடி. அவள் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. வராந்தாவில் முந்தானையை உதறிக் காட்டிய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட அதே ஆள்தான் நான். அவர் ஊரான் பெண்டாட்டி. அவரை நம்பக் கற்றுக்கொண்டேன். பெற்ற பெண்ணை நம்பவில்லை.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். கோமதி பதறினாள். வயிற்று உப்பலுக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் ஒரே வைத்தியம்தான்: ஒரு டம்ளர் நீர்மோரில் அரை ஸ்பூன் பெருங்காயத் தூள். எந்த வீட்டிலும் அதுதானே? அன்று நானே பாட்டிலைத் திறந்து, அரை ஸ்பூன் தாராளமாக அள்ளி, கட்டி தட்டாமல் கலக்கி எடுத்துப் போனேன். அடித்த கைக்கு அது ஒரு சமாதானம்.

“வேணாம்பா. அத்தக் குடிச்சா எனக்கு இன்னும் ஜாஸ்தியாவுது.”

“மருந்துன்னா அப்டித்தான் இருக்கும். குடி.”

குடித்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்தாள்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசுவது நின்றது. கேட்டால் பதில், அதுவும் ஒரே சொல்லில். பதினோரு நாள் கழித்து, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், ஒரு கட்டுத் தாள்களை என் கையில் கொடுத்தாள். நாள்காட்டியில் தினமும் கிழிக்கும் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அந்த நாள் முழுக்க அவள் வாயில் போட்டது எல்லாம் எழுதியிருந்தது. நேரம், அளவு, கீழே வயிறு எப்படி இருந்தது என்பதும். எட்டாம் தாளில், ‘பள்ளிக்கூடத் தண்ணி ரெண்டு வாய்’ என்று கூட இருந்தது.

“நான் பொய் எழுதிருக்கேன்னு தோணுனா, கிழிச்சிப் போட்டுடு” என்றாள்.

அன்று நான் பாசஞ்சரைப் பிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொல்லாமல் லீவு போட்டது அந்த ஒரு நாள்தான். தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவள் பொய் சொல்கிறாள் என்று ஆரம்பிக்காமல், எழுதியது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டு படித்தேன். அப்படிப் படிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ரசம் சாப்பிட்ட நாட்களில் லேசாக உப்பல். தயிரும் அடையும் மட்டும் சாப்பிட்ட இரண்டு நாட்களில் ஒன்றும் இல்லை. மூன்று தாள்களில் ‘மோரு குடிச்சேன்’ என்று இருந்தது. அந்த மூன்றிலும் இரவெல்லாம் வலி.

மோர் எங்கள் வீட்டுத் தயிரைக் கடைந்தது. தயிர் சாப்பிட்ட நாளில் வலி இல்லை. உப்பு கல் உப்பு. மீதி இருப்பது ஒன்றுதான்.

பெருங்காயத்துக்கு மேடம் கோடு போட்டிருந்தார். செடியின் பிசின், அடி தொட்டாயிற்று என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் பெருங்காயம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும். வாங்கிய அன்றே பாட்டிலில் கொட்டிவிட்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுவோம். ஆஸ்பத்திரித் தொட்டியை ஆயிரம் தடவை குனிந்து பார்த்தவன், என் வீட்டுத் தொட்டியை ஒரு தடவை பார்த்ததில்லை.

“சந்தியா, செருப்பப் போடு. கடைக்குப் போறோம்.”

மளிகைக் கடையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் டப்பாவைக் கேட்டேன். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். என் கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. அவளிடம் நீட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தாள்.

“கோதும மாவு. கருவேலம் பிசினு. பெருங்காயம்.” நிறுத்தி மறுபடியும் முதல் சொல்லை வாசித்தாள். “கோதும மாவுப்பா. மொதல்ல அதுதான் போட்டுருக்கு.”

“இன்னா மாஸ்டர், பெருங்காயத்துக்குப் பரீட்சையா?” என்றார் கடைக்காரர். “தனிப் பெருங்காயம் எவன் விப்பான்? காரம் தாங்குமா? மாவு சேத்துத்தான் வரும், எல்லாக் கம்பெனியும் அப்டித்தான்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இருபது வருடச் சமையல்காரனுக்கு.

கடை வாசலில் நின்று கணக்குப் போட்டேன். சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை. அதோடு விடவில்லை. அவளுக்கு வயிறு உப்பும்போதெல்லாம் அரை ஸ்பூன். அதனால் மறுபடி உப்பும், மறுபடி அரை ஸ்பூன். இரண்டு வருடம். அவள் ஜாஸ்தியாவுது என்று சொன்ன பிறகும்.

“அம்மாடி” என்றேன். அவள் டப்பாவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். “வெயிலா இருக்கு, வாப்பா போலாம்” என்றாள்.

வீட்டில் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அந்த ஸ்பூன், தாளிக்கும் கரண்டி, பொடி டப்பாக்கள், சல்லடை எல்லாம் மாற்றினோம். மேடத்துக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நானும் அந்த இடத்துல கேள்விய நிறுத்திட்டேங்க மாஸ்டர். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். சாக்குச் சொல்லவில்லை. அவருடைய புதிய இடத்தில் அன்றே எல்லா நோட்டுகளிலும் பெருங்காயத்துக்குப் போட்ட கோட்டை அழித்தார் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் புதுச்சேரி போனோம். மருத்துவர் கேட்டுவிட்டு, “நல்ல வேளை, கண்டுபிடிச்சிட்டீங்க. ஆறு மாசம் கழிச்சி டெஸ்ட் எடுப்போம்” என்று ஃபைலை மூடப் போனார்.

“சார், அந்த வரிய அடிச்சிடுங்க.”

“எந்த வரி?”

“வெளிய சாப்பிடறான்னு எழுதினீங்களே, அது.”

“அது சும்மா எங்க குறிப்புங்க. அத யாரு பாக்கப் போறா?”

“இவ பாப்பா சார். நாளைக்கு வேற டாக்டரு பாப்பாரு. அவ சாப்பிடல. நாந்தான் குடுத்தேன். அப்டி எழுதுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். வெளியே டோக்கனோடு நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே ‘வீட்டுச் சமையலில் பெருங்காயம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சந்தியா மேசைப் பக்கமாகத் தலையைச் சாய்த்து அதைப் படித்தாள்.

ஆறு மாதத்தில் எண் பாதியாக இறங்கியது. ஒன்றரை வருடத்தில் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. விட்ட வளர்த்தியில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது, எல்லாம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு ரசத்தில் இப்போது பூண்டும் சீரகமும் மட்டும்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். என் கை அந்தப் பக்கம் போகவில்லை.

வேலையை விட்டதற்கு இதுதான் காரணமா என்று இளவரசன் கேட்டார். ஒரு விதத்தில் ஆம். போன வருடம் நிர்வாகத்தில் முதல் ரெடி மிக்ஸ் மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு பாக்கெட்டில் ‘மசாலாப் பொருட்கள்’ என்று மட்டும் போட்டிருந்தது. அந்தச் சொல்லுக்குள் என்னென்ன என்று கேட்டேன். விற்க வந்தவருக்குத் தெரியவில்லை, கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லும்வரை நோயாளிக்குப் போட மாட்டேன் என்றேன். ஒரு மாதம் இழுபறி. தெரியாததை ஊற்றி நூற்றைம்பது பேருக்குக் கொடுப்பதைவிட விலகுவது மேல் என்று எழுதிக் கொடுத்தேன். இளவரசன் இருக்கிறார், அவருக்கு வயது இருக்கிறது. அவர் உள்ளே இருந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம்.

சந்தியாவுக்கு இப்போது இருபத்தொன்று. ஓசூரில் வேலை கிடைத்துப் போன மாதம் போய்விட்டாள். இரண்டு பெண்களோடு ஒரு அறை, ஒரே அடுப்பு. மற்ற இருவரும் சப்பாத்தி சுடுகிறவர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தனியாகச் சட்டி, தனியாகக் கரண்டி, தனியாகப் பலகை வாங்கி மூட்டை கட்டினேன். நானும் ஒரு மாதம் கூட வந்து இருக்கிறேன் என்றேன்.

“நீ வரவும் வேணாம், போன்ல தெனம் இன்னா துன்னேன்னு விசாரிக்கவும் வேணாம்” என்றாள். “எனக்கு ஒண்ணுன்னா நானே சொல்றேன். நான் சொல்றத நம்பு, அது போதும்.”

சரி என்றேன். பெற்றவன் பிள்ளையிடம் போனில் வேறு என்ன கேட்பான்? போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மழை பெய்ததா என்று கேட்டேன், பஸ் கூட்டமா என்று கேட்டேன், ஆபீசில் மின்விசிறி இருக்கிறதா என்று கூடக் கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“கேளேன்பா. தொண்டையில நிக்கிது இல்ல?”

“கேக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

இரண்டு மாதத்தில் அவளுக்கு வருடாந்தர ரத்தப் பரிசோதனை. எண் இறங்கியே இருக்கலாம். ஏறியும் இருக்கலாம். ஏறியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஓசூர் போவேன். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த அறையின் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் திருப்பிப் படிக்க ஆரம்பிப்பேன்.